எரவாணத்து மாத்திரைகள்

குடையை எங்கே செருகி வைப்பது என்று ஞானமணி அண்ணாந்து பார்த்தாள். பார்க்காமலே இருந்திருந்தால் அன்றைய பொழுதாவது நிம்மதியாகக் கழிந்திருக்கும். நாகராசு வீட்டுக் கூரை தாழ்வானது, முதுகை வளைத்துத்தான் உள்ளே போக வேண்டும். குடையின் முனை, கூரை வெளியே இறங்குகிற எரவாணத்துக் கீற்றில் இடித்தது. கீற்றுக்குள் செருகியிருந்த காகிதப் பொட்டலம் ஒன்று அவிழ்ந்து விழ, சிவப்பு மாத்திரைகள் வாசல் மண்ணில் சிதறி ஓடின. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இருபத்தெட்டு இருந்தன. இரத்தம் ஊறுவதற்கென்று போன மாதம் மூக்காயி கையில் அவள் எண்ணிக் கொடுத்தது முப்பது.

ஞானமணிக்கு வயது நாற்பத்தெட்டு. வைகாசி வெயிலில் இரண்டு மைல் செம்மண் பாதை நடந்து வந்த முழங்கால் மடங்கவும் மறுத்தது, மடங்கினால் நிமிரவும் மறுத்தது. சர்க்கார் மருத்துவச்சி வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம். கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே முந்திரிக்காட்டுக்கு நடுவில் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் அவளுடைய தாய்சேய் நிலையம் இருந்தது. ஒரு மேசை, ஒரு கட்டில், ஓர் அலமாரி, அலமாரிக்கு ஒரு பூட்டு. சுற்றி ஏழு பட்டிகள். ஏழு பட்டிக்கும் அவள் ஒருத்திதான்.

"மூக்காயி, இங்கிட்டு வா."

மூக்காயி வந்தாள். நாகராசுவின் பெண்டாட்டி, ஆறு மாதக்காரி. வயிற்றைத் தவிர உடம்பில் வேறெதுவும் வளர்ந்ததாகத் தெரியவில்லை. ஞானமணி அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது.

"இது என்ன?" உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"மாத்திரைங்க."

"மாத்திரைன்னு எனக்குத் தெரியாதா? ஒனக்குக் குடுத்தேனா, எரவாணத்துக்குக் குடுத்தேனா?"

மூக்காயி தரையைப் பார்த்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாலு வயது மகள் ராக்காயி, சிவப்பாக என்ன என்று எட்டிப் பார்த்தது.

"கொமட்டுதுங்க," என்றாள் மூக்காயி.

குமட்டுகிறதாம். அதாவது பரவாயில்லை, கேட்கும்படியான காரணம். இந்த ஏழு பட்டியில் ஞானமணி கேட்காத காரணமா? அதைத் தின்றால் பிள்ளை பெருத்துத் தலை சிக்கிக்கொள்ளும் என்றாள் ஒருத்தி. வெளிக்குப் போனால் கரியாய்ப் போகிறது, குடல் வெந்துவிட்டது என்று அழுதாள் இன்னொருத்தி. பிள்ளையே பிறக்காமல் செய்யச் சர்க்கார் கொடுக்கிற மருந்து என்று ஒரு பெரியவர் கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டார்; அந்தப் பட்டியில் ஆறு மாதம் ஒரு பெண்ணும் கை நீட்டவில்லை. பிரகதாம்பாள் என்ற புண்ணியவதி, மாத்திரையை இடித்துத் தவிட்டில் கலந்து முட்டையிடாத கோழிக்கு வைத்தாள். கோழி முட்டையிட்டதாம். இன்னும் முப்பது கிடைக்குமா என்று ஆளனுப்பிக் கேட்டாள்.

எல்லாருக்கும் ஞானமணி எடுத்துச் சொன்னாள். சிரித்துச் சொன்னாள், திட்டிச் சொன்னாள், படம் காட்டிச் சொன்னாள். செவிடன் காதில் சங்கு ஊதின கதைதான். சொல்லிச் சொல்லி அலுத்து, எண்ணிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடலாமென்றுகூட அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. போன தை மாதம் தெய்வானை செத்துப்போகாமல் இருந்தால் அப்படித்தான் இருந்திருப்பாள்.

தெய்வானை அடுத்த பட்டிக்காரி. பிள்ளை நல்லபடியாகத்தான் பிறந்தது. பிறகு இரத்தம் நிற்கவில்லை. இருந்த கொஞ்ச இரத்தமும் போய், மாட்டுவண்டி பஸ் ரோட்டை எட்டுவதற்குள், வைக்கோல் மேல் கிடந்தவள் "குளுருதுங்க நர்சம்மா" என்றாள். பட்டப்பகல், பனிகூட விலகிவிட்ட நேரம். ஞானமணி தன் சேலைத் தலைப்பை அவிழ்த்துப் போர்த்தினாள். அவ்வளவுதான் அவளால் செய்ய முடிந்தது. காரியம் முடிந்து அந்த வீட்டுக்குப் போனபோது, உப்புப் பானைக்குப் பின்னால் தொண்ணூறு மாத்திரை இருந்தது. பிரசவத்துக்கு முந்திப் பார்த்தபோதே, மூக்காயியின் இமை போலத்தான் தெய்வானையின் இமையும் வெளுத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா வந்தவள் ஞானமணிதான். இன்னொரு தடவை அப்படி வரமாட்டேன் என்று அவள் தனக்குள் சத்தியம் செய்திருந்தாள்.

மாமியார் பொன்னம்மாள் விறகுச் சுள்ளியோடு கொல்லைப் பக்கமிருந்து வந்தாள்.

"பொன்னம்மாக்கா, ஒங்க மருமக மாத்திரையத் திங்காம கூரையில செருகி வச்சிருக்கு. நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"நான் என்னத்தக் கேக்குறது நர்சம்மா? வாயில ஊட்டியா விட முடியும்?"

"ஊட்டித்தான் விடணும்னா, நாளையிலேருந்து நானே வந்து ஊட்டுறேன்," என்றாள் ஞானமணி.

சொன்னபடி வந்தாள். விடிந்து வெயில் ஏறுவதற்குள் இரண்டு மைல் வருவது, மூக்காயியை எதிரில் நிறுத்துவது, ஒரு மாத்திரை, ஒரு செம்புத் தண்ணீர். "வாயைத் தெற. நாக்கைத் தூக்கு." அடியில் ஒளித்து வைத்திருக்கிறாளா என்று பார்ப்பாள். அப்புறம் திரும்ப இரண்டு மைல். வழியில் முந்திரித்தோப்பில் சருகு கூட்டுகிற பெண்கள், "நர்சம்மா மூக்காயிக்குச் சோறூட்டப் போறாக" என்று கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று நடந்தாள்.

மூக்காயி எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாத்திரையை வாங்கும்போது, அடிக்கப்போகிற கையைப் பார்ப்பதுபோல ஞானமணியின் கையைப் பார்ப்பாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, "ஒரு நா விட்டு ஒரு நா தின்னாக்க ஆகாதுங்களா?" என்று கேட்டாள். ஆகாது என்றாள் ஞானமணி. "பாதியா ஒடச்சுக் குடுக்கலாமுங்களா?" முடியாது என்றாள். அதற்குமேல் அந்தப் பெண் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, விழுங்கி முடித்தவள், மாமியார் இல்லாத பக்கமாக வந்து மெதுவாகச் சொன்னாள்.

"வயித்துக்குள்ள பிறாண்டுதுங்க."

"எப்படி?"

"எப்படின்னா... பசிதானுங்க. காலையில கூழு குடிச்சு செத்த நேரத்துல எடுக்குது. நிக்க முடியல. கண்ண இருட்டுது."

ஞானமணி சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "அடி பைத்தியமே, அது நல்லதுதான். ஒடம்புல ரத்தம் ஊறுது, அதான் பசி எடுக்குது. நல்லாச் சாப்பிடு. முருங்கைக்கீரை, முட்டை, பாலு. ராத்திரிக்கு ரெண்டு பேரீச்சம்பழம்."

அது நிலையத்துச் சுவரில் தொங்குகிற அட்டையில் அச்சடித்த வரிசை. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பாராமல் வரும். மூக்காயி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

ஐந்து வாரம் ஆயிற்று. இமையை இழுத்துப் பார்த்தபோது உள்ளே இளஞ்சிவப்பு ஓடியிருந்தது. உதட்டில்கூட நிறம் வந்திருந்தது. வழி நெடுகக் கால் வலியே தெரியவில்லை ஞானமணிக்கு. ஒருத்தியையாவது ஒழுங்காகக் கரை சேர்த்துவிடலாம் என்ற எண்ணம், வெறும் வயிற்றில் குடித்த சூடான காப்பி மாதிரி உள்ளே இறங்கியது.

ஆடி பிறந்து இரண்டாம் நாள் மழை பிடித்தது. அந்தச் சீமையில் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவர்கள் கொஞ்சம், வானத்தை நம்பிக் கடலை போடுகிறவர்கள்தான் அதிகம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். தேடாமலே வந்த மழை. மறுநாள் காலை ஞானமணி போனபோது நாகராசு வீட்டு வாசலில் ஏர் பூட்டி நின்றது. உள்ளே மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. சத்தம் இருந்திருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

விதைக்கடலைப் பானைகள் மூன்றும் நடுவீட்டில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. கார்த்திகையில் பறித்த கடலையில் நல்லதாகத் தேர்ந்து, காயவைத்து, வேப்பிலை போட்டு அடைத்து, வாயைச் சாணியால் பூசி மூலையில் வைத்தால், விதைக்கிற அன்றைக்குத்தான் திறப்பார்கள். அதுவரை வீட்டில் பிள்ளை பட்டினியால் அழுதாலும் அந்தப் பக்கம் கை போகாது. விதைக்கென்று வைத்ததைத் தின்றால் வம்சம் விளங்காது என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த பேச்சு. இரண்டு பானை நிறைய இருந்தது. சுவரோரம் இருந்த மூன்றாவது பானையில் முக்கால்வாசி இல்லை.

"எலிதான்," என்றாள் பொன்னம்மாள், யாரும் கேட்காமலே.

நாகராசு பானையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. எலி கடலையைத் தின்னும், சரி. தின்றுவிட்டு மறுபடி வாயை மூடிச் சாணி பூசி வைக்குமா? அவன் மூடனல்ல. தம்பி குழந்தைசாமியைக் கூப்பிட்டு, இருக்கிற கடலையை எடுத்துக் கொள்ளச் சொன்னான். "மேலக் கடைசியில கொள்ளு வெதச்சுக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏரை ஓட்டிக்கொண்டு போனான். போகும்போது பெண்டாட்டி பக்கம் அவன் திரும்பவில்லை.

பொன்னம்மாளும் அவர்கள் பின்னால் கூடையோடு போனாள். ஞானமணி கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். மூக்காயியைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் முந்திரிமரத்து அடியில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"நாந்தானுங்க தின்னேன்," என்றாள்.

ஞானமணி நின்றபடியே இருந்தாள்.

"நீங்க வந்து குடுக்குறதுக்கு முந்தி எனக்குப் பசியே இல்லீங்க. பழகிப் போச்சு. முந்திரி வேலை முடிஞ்சா கடலை வெதைக்கிற வரைக்கும் எங்கிட்டும் கூலி கெடையாது. காலையில ஒரு வேளைக் கூழு, அந்திக்கு ஒரு வேளை. அவுக குடிப்பாக, கொழுந்தன் குடிக்கும், ரெண்டு பேரும் காட்டுல பாடுபடுறவுக. அப்புறம் புள்ளைக்கு. அப்புறம் அத்தை. கடைசியில சட்டியில தண்ணி ஊத்திக் கழுவிக் குடிப்பேன். அதுவே போதும்னு இருந்துச்சு. வயிறும் கேக்காது, நானும் குடுக்க மாட்டேன்."

"அந்த ரெண்டு மாத்திரைய..."

"மொதோ மாசம் நீங்க குடுத்ததுல ரெண்டு தின்னு பாத்தேன். மூணாம் நாளு பசி எடுத்துருச்சு. பயந்துபோயி எரவாணத்துல செருகிட்டேன். பசிச்சா நான் எங்கிட்டுப் போவேன்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். வாயும் வயிறுமா இருக்கறவ பசிக்குதுன்னு சொன்னா, அத்தை அதோட பங்கையும் எனக்கு ஊத்திரும். அது நல்ல மனுசி. ஏற்கனவே அது குடிக்கிறது அரைச் செரட்டை."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனுங்க. நீங்க சிரிச்சீக. பாலு குடின்னீக."

ஞானமணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அட்டையில் இருந்ததை ஒப்பித்த அந்த வாயை அவளே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அறியாமை, மூடநம்பிக்கை என்று அவள் எத்தனை பெண்களைப் பற்றி மேலே எழுதி அனுப்பியிருப்பாள். அதில் எத்தனை பேர் பசிக்குப் பயந்தவர்களோ. குமட்டுகிறது என்று சொல்லலாம், குடல் வேகிறது என்று சொல்லலாம். வீட்டில் சோறில்லை என்று வேற்று ஆளிடம் எந்தப் பெண் சொல்வாள்?

"தெனம் நீங்க போனதும் ஒரு கைப்பிடி," மூக்காயி தரையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டே சொன்னாள். "பச்சையாத்தான். வறுத்தா வாசம் வந்துருமில்ல. தோலை அடுப்புல போட்டுருவேன். மறுபடி சாணி வச்சுப் பூசிருவேன். பசி வந்தாப் பத்தும் பறந்து போவும்னு சொல்லுவாக, எனக்கு மானம் ரோசம் எல்லாம் பறந்துருச்சு. வெதையத் தின்னதுகூடப் பெருசில்லீங்க. இந்தப் புள்ளைக்கு ஒரு பருப்புக் குடுக்கல. குடுத்தா அப்பத்தாகிட்டப் போயிச் சொல்லிரும்னு, அதைத் தண்ணி மோந்தா போன்னு தொரத்திவிட்டுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு நான் மட்டும் தின்னேன். பெத்தவ செய்யிற காரியமா இது?"

அப்போதும் அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஞானமணி ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம்.

"இனி வேணாமுங்க," என்றாள் மூக்காயி. "நீங்க நல்லதுக்குத்தான் செய்யிறீக. ஆனா அந்த மாத்திரைய மட்டும் குடுக்காதீக. அடுத்தாப்புல கேப்பைப் பானைதான் இருக்கு. அதுல ஆறு வயிறு இருக்கு."

ஐந்து பேர் வீட்டில் ஆறு வயிறு. உள்ளே இருப்பதையும் அவள் எண்ணிவிட்டாள். ஞானமணி மாத்திரையைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு நடந்தாள். மழை நனைத்த பாதை காலை வாரியது. பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மாதத்தில் பிரசவம், மறுபடி வெளுத்த இமை, மறுபடி மாட்டுவண்டி. நிறுத்தாவிட்டால் பசி. சர்க்கார் பால்பவுடர் டின் வருவதுண்டு. பெரிய ஊர்களுக்குப் போக மிஞ்சினால்தான் அவளுக்கு வரும், மூன்று மாதமாக மிஞ்சவில்லை. எந்தப் பக்கம் யோசித்தாலும் அவளுக்கு மிஞ்சியது அவளுடைய சொந்த அடுப்பு ஒன்றுதான்.

அவளும் ஒன்றும் சீமாட்டியல்ல. சம்பளத்தில் பாதி திருச்சியில் தங்கை வீட்டில் கிடக்கும் அம்மாவுக்குப் போய்விடும். காலையில் ஒரு வேளை அரிசி வடித்தால் அதையே இரவுக்கும் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொள்கிறவள். மறுநாள் அந்த இரவுச் சோற்றைக் கரைத்துக் கஞ்சியாக்கி, உப்புப் போட்டு, மேலே பொட்டுக்கடலைத் துவையல் ஓர் உருண்டை வைத்து, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வேற்று வீட்டு அடுப்பில் பொங்கிய சோற்றைப் பொன்னம்மாள் வீட்டில் தொட மாட்டார்கள். ஞானமணி என்ன சாதி என்று இத்தனை வருடத்தில் யாரும் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. கேட்காவிட்டாலும், அவள் கையால் தண்ணீர்கூட யாரும் வாங்கிக் குடித்ததில்லை. மருந்துக்கு மட்டும்தான் அந்தக் கட்டில்லை.

பொன்னம்மாள் வாசலிலேயே இருந்தாள். தூக்குச்சட்டியைப் பார்த்தாள்.

"மருந்துங்க," என்றாள் ஞானமணி. "மாத்திரையோட சேத்துக் குடிக்கிறது. புள்ளத்தாச்சிக்கு மட்டும்தான், வேற யாரும் தொடக்கூடாது."

பொன்னம்மாள் மூக்கை உறிஞ்சினாள். துவையல் வாசம் அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும். பிறகு, "மருந்துன்னா சரி," என்று சொல்லிவிட்டு, வயலுக்கு நேரமாகிவிட்டது என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூக்காயி மாத்திரையை விழுங்கினாள். தூக்குச்சட்டியைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, திரும்ப மூடினாள்.

"குடி."

"முடியலீங்க."

"ஏன், சாதியா?"

"அய்ய, அதில்லீங்க." அவள் கண் போன இடத்தை ஞானமணி பார்த்தாள். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு ராக்காயி நின்றது. சட்டியையும் ஆத்தாளின் வாயையும் மாறி மாறிப் பார்த்தது.

"இதுக்குப் பாதி ஊத்திட்டுக் குடிக்கிறேனே," என்றாள் மூக்காயி.

ஞானமணிக்கும் அந்தக் கணக்குத் தெரியும். இன்றைக்குப் பாதி கொடுப்பாள், நாளைக்கு முழுதும் கொடுப்பாள், மறுபடி சட்டி கழுவிய தண்ணீர்தான் அவளுக்கு. இது ஓர் ஆள் சோற்றில் பாதி. இதை இரண்டாக்க ஞானமணியிடம் ஒன்றுமில்லை. பிள்ளை மெலிந்திருக்கிறது, ஆனால் நிற்கிறது, ஓடுகிறது. இந்தப் பெண் நிற்க மாட்டாள். இப்படி ஒரு முடிவை எடுக்கிற வேலையை யார் தன்னிடம் கொடுத்தார்கள் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"ஒரு வாயிகூடக் குடுக்கக் கூடாது," என்றாள். "நீ குடி. நான் இவளை அங்கிட்டுக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

மூக்காயி சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஞானமணி பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லையைத் தாண்டி நடந்தாள். கை எலும்பாக இருந்தது. முந்திரித்தோப்புக்குள் போனதும் ராக்காயி திரும்பி வீட்டைப் பார்த்தது.

"எங்காத்தா என்னத்தக் குடிக்குது?"

"மருந்து."

"மருந்து கசக்குமா?"

"கசக்கும் தாயி. ரொம்பக் கசக்கும். சின்னப்புள்ளைக குடிக்க முடியாது."

பிள்ளை கொஞ்ச தூரம் கூடவே நடந்தது. ஈரச் சருகு காலில் ஒட்டியது. பிறகு அது ஞானமணியின் விரலை இழுத்து நிறுத்தி, அண்ணாந்து பார்த்துச் சொன்னது.

"கசந்தாப் பரவால்ல. நான் அழுவாமக் குடிச்சுக்குவேன்."

ஞானமணி அந்தக் கையை விடவில்லை. மூக்காயி குடித்து முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை பிள்ளையைத் தோப்பின் கடைசி வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள்.